நாற்பதைத் தாண்டி வேலைக்கு சைக்கிள்: சீட் உயரம், முழங்கால், பஞ்சர், வெயில்

#1 காலைநடை46

வணக்கம். வீட்டிலிருந்து அலுவலகம் ஒரு வழி 8 கி.மீ. ஊர் சென்னை, நடுவில் ஒரு மேம்பாலம். வயது 46, எடை 82 கிலோ, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. வாரத்தில் மூன்று நாளாவது சைக்கிளில் போய்வர எண்ணம். வீட்டில் 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள் ஒன்று துரு ஏறாமல் இருக்கிறது. அதையே ஓவராயில் செய்து ஓட்டுவதா, கியர் வண்டி வாங்குவதா? முழங்கால் கெட்டுவிடும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். பஞ்சர், வியர்வை, மழை இவற்றுக்கும் வழி சொல்லுங்கள். பாகம், அளவு, காரணம் மூன்றும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 ஆரக்கம்பி

பழைய வண்டியை விற்காதீர்கள். 8 கி.மீ.க்கு அது தாராளம். ஆனால் ஓட்ட ஆரம்பிக்கும் முன் அதன் மேல் அரை நாள் வேலை இருக்கிறது. அதில் எதையும் விடக் கூடாது.

முதலில் ஃப்ரேம். ஹேண்டில்பார் இறங்கும் குழாய்க்கு அடியிலும் குழாய்கள் சேரும் மூட்டுகளிலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முடி போல ஒரு கோடு தெரிந்து, அதிலிருந்து துரு கசிந்திருந்தால் அது பெயின்ட் கீறலாக இருக்காது, விரிசலாகத்தான் இருக்கும். அந்த ஃப்ரேமில் ஏறவே கூடாது.

அடுத்து பால்ரஸ், அதாவது இரும்புக் குண்டுகள் உருளும் இடங்கள். முன் சக்கரம், பின் சக்கரம், பெடல் தண்டுகள் சேரும் நடு அச்சு, ஹேண்டில் நான்கு இடமும் பிரித்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். எடுத்த குண்டுகளை எண்ணி வையுங்கள், அதே எண்ணிக்கைதான் திரும்பப் போக வேண்டும். ஒரு பக்கத்தில் ஒன்று தேய்ந்திருந்தாலும் அந்தப் பக்கம் முழுவதும் புதிதாகப் போடுங்கள். பழசும் புதுசும் கலந்தால் புதிய குண்டு மயிரிழை பெரிதாக இருந்து முழு எடையையும் அதுவே சுமக்கும், கோன் (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) சீக்கிரம் குழிந்துவிடும். கோனை இறுக்கியபின் சக்கரத்தைத் தூக்கிப் பிடியுங்கள். வால்வின் கனத்தாலேயே சக்கரம் மெல்ல ஆடி, வால்வு அடியில் வந்து நின்றால் இறுக்கம் சரி. நடுவில் பிடித்து நின்றால் அதிக இறுக்கம். ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் டொக் டொக் என்றால் தளர்வு.

பிரேக்தான் இந்த வண்டியின் பலவீனம். கம்பி பிரேக், இரும்பு ரிம், மழை மூன்றும் சேர்ந்தால் ரப்பர் வழுக்கும். கட்டையைப் புதிதாகப் போட்டு, ரிம்மில் படும் பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே மெல்லப் பிடித்து ரிம்மின் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகுதான் அழுத்த வேண்டும்.

#3 கொங்குக்காற்று

ஆரக்கம்பி சொன்னதுல ஓவராயில் பத்தி ஒரு குறையும் இல்லீங்க. ஆனா 46 வயசு, 82 கிலோ, மேம்பாலம் இருக்குது. கியர் இல்லாம அனுப்பறது சரியில்லீங்க. முழங்கால்ல வலி வர்றதுக்குப் பாதிக் காரணம் கனமான கியரை மெதுவா, பலமா மிதிக்கறதுதான். நிமிசத்துக்கு 70லிருந்து 90 சுத்து மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலம் குறையும். 50க்குக் கீழ போச்சுன்னா அத்தனையும் மூட்டு மேல ஏறும். வலது முழங்கால் மேல வர்றதை 15 வினாடி எண்ணி நாலால பெருக்குங்க. வேற கருவி வேண்டாம்.

எதிர்காத்தையும் கணக்குல வெக்கோணும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா மேல்காத்து அடிக்கறப்ப பாருங்க. நீங்க 15 கி.மீ. வேகத்துல போறீங்க, எதிர்ல 20 கி.மீ. வேகத்துல காத்து வருதுன்னா, உங்க மேல மோதறது 35. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். அஞ்சு மடங்குக்கு மேல போயிரும். சென்னையில கடக்காத்து கிழக்கயிருந்து வரும். வேலை முடிஞ்சு கிழக்க பாத்துத் திரும்பறவரா இருந்தா தினமும் இது உண்டு.

வாங்கறதா இருந்தா முன்னால ஷாக் இல்லாத ஹைப்ரிட் (ரோடு வண்டிக்கும் மலை வண்டிக்கும் நடுத்தரமான கியர் சைக்கிள்) பாருங்க. விலை கம்மியான ஷாக் ரெண்டு கிலோ கனத்தைக் கூட்டி, மேட்டுல மிதிக்கற பலத்தையும் தின்னுரும். டயர் அகலம் 35லிருந்து 40 மி.மீ., மட்கார்டு கேரியர் மாட்ட ஃப்ரேம்ல மரை ஓட்டை, இது ரெண்டும் இருந்தாப் போதும். முன்னால மூணு பல்சக்கரம் இருந்தா நடுவுலதையே வெச்சு ஓட்டுங்க. பெருசுக்குப் பெருசு, சிறுசுக்குச் சிறுசு போட்டீங்கன்னா செயின் கோணலா இழுத்துத் தேயும்.

#4 ஆரக்கம்பி

கொங்குக்காற்று சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் புதிய வண்டிக்கு முன் செலவு குறைந்த ஒரு வழி இருக்கிறது. முன் பல்சக்கரத்திலும் பின்னாலும் பற்களை எண்ணுங்கள். 44-க்கு 18 என்றால், ஒரு சுற்று மிதிக்கு வண்டி ஏறக்குறைய 5.5 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே 20 கி.மீ. வேகம் வந்துவிடும். அதனால்தான் மெதுவாகப் போகும்போது கால் கனக்கிறது. பின்னால் 20 பல் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) போட்டால் 4.9 மீட்டர் ஆகும், மிதி பத்தில் ஒரு பங்கு இலகுவாகும். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டிவரலாம். பழைய செயின் தேய்ந்திருந்தால் ஃப்ரீவீலோடு சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த செயின் புதிய பல்லில் உட்காராமல் அழுத்தும்போது குதிக்கும்.

இதைச் செய்து மேம்பாலத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கே இடுப்பை ஆட்டி ஆட்டி மிதிக்க வேண்டியிருந்தால் கியர் வண்டிக்கு மாறிவிடுங்கள். அதில் எனக்கும் மறுப்பில்லை.

#5 நீலமேகம்_இயன்முறை

வண்டி எதுவானாலும் முழங்காலைக் காப்பது சீட் உயரம்தான். இதில் நம் ஊரில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது, கீழே போகும்போது நீள்வதே இல்லை. மடங்கிய நிலையிலேயே அழுத்துவதால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும்.

அளவு எடுக்கும் முறை இது. ஓட்டப் போகும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலின் மேல் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக நிற்க வேண்டும், இடுப்பு பக்கவாட்டில் சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடல் அச்சுக்கு மேல் வைத்து ஓட்டினால், அடியில் முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். அதுதான் வேண்டியது. டேப் வைத்துச் சரிபார்க்க, வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேலே வரை இறுக்கி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் சுமார் 69 செ.மீ. பெடல் தண்டுகள் (கிராங்க்) இரண்டும் சேரும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட் மேற்பரப்பு வரை அந்த உயரம் வர வேண்டும். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. கடைசி வார்த்தை குதிகால் சோதனைக்குத்தான்.

சீட் பில்லரை ஏற்றும்போது அதில் குறித்த கோட்டைத் தாண்டாதீர்கள். கோடு இல்லாத பழைய பில்லர் என்றால் குறைந்தது 7 செ.மீ. குழாய்க்குள் இருக்கட்டும். போதவில்லை என்றால் அதே விட்டத்தில் நீளமான பில்லர் வாங்க வேண்டும்.

சீட் உயர்ந்தால் சிக்னலில் எப்படி நிற்பது என்று கேட்பார்கள். நிற்கும் போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்க வேண்டும். ஏறும்போது ஒரு பெடலை மேலே வைத்து அதன் மேல் எழுந்து, பிறகு உட்கார வேண்டும். காலி மைதானத்தில் அரை மணி நேரம் பழகினால் வந்துவிடும்.

வலி எங்கே என்பதை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம். முழங்காலின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலித்தால் சீட் தாழ்வு, அல்லது சீட் அதிகம் முன்னால் இருக்கிறது, அல்லது கியர் கனம். பின்மடிப்பில் வலித்தால் சீட் உயரம் அதிகம், கால் எட்டி எட்டி இழுபடுகிறது. உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் பாதம் திரும்பியிருக்கும் கோணத்தைப் பாருங்கள், நடக்கும்போது இருப்பது போலவே பெடலிலும் இருக்கட்டும். எந்த மாற்றமும் ஒரு தடவைக்கு 5 மி.மீ. தான். மாற்றியபின் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டே அடுத்தது. மூட்டு வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ சீட்டைத் திருகிக்கொண்டிராமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொடங்கும் வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. இதயமும் மூச்சும் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். தசைநாண் பழக மாதக்கணக்காகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுவதில்தான் காயம் வருகிறது. முதல் நாள் சைக்கிளில் போய் வண்டியை அலுவலகத்தில் விட்டுப் பேருந்தில் திரும்புங்கள். மறுநாள் பேருந்தில் போய் சைக்கிளில் வாருங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படி ஓடியபின் இரு வழியும் ஓட்டலாம்.

#6 காலைநடை46

மிக்க நன்றி ஐயா. சீட் உயரத்தை அளந்தேன், 6 செ.மீ. தாழ்வாக இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். உட்காரும் இடம் மரத்துப் போவதற்கு ஜெல் உறை வாங்கலாமா? கையில் சுண்டுவிரல் பக்கம் மரத்துப் போவது எதனால்?

#7 நீலமேகம்_இயன்முறை

சீட்டை ஒரே நாளில் 6 செ.மீ. ஏற்ற வேண்டாம். நீண்ட நாள் தாழ்வாகவே ஓட்டிப் பழகிய கால் அது. வாரத்துக்கு 1 செ.மீ. போதும்.

ஜெல் உறை வேண்டாம். மெத்தை ஆழமாக இருந்தால் உட்காரும் எலும்புகள் இரண்டும் அமுங்கி, நடுவில் உள்ள மென்சதையை உறை மேலே தள்ளும். அங்கேதான் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. சீட்டின் அகலம் சரியாக இருப்பதே முக்கியம். ஒரு அட்டைப்பெட்டித் துண்டைக் கடினமான ஸ்டூலில் போட்டு, முழங்காலை இடுப்புக்கு மேல் தூக்கி ஒரு நிமிடம் உட்காருங்கள். இரண்டு குழி விழும். குழியின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதோடு 2 முதல் 3 செ.மீ. சேர்த்தால் சீட்டின் பின்பகுதி அகலம். நிமிர்ந்து ஓட்டும் கறுப்பு சைக்கிளுக்கு இன்னும் சற்று அகலம் தாங்கும். சீட் மேற்பரப்பு மட்டமாக இருக்க வேண்டும், மூக்கு மேலே தூக்கியிருந்தால் மரத்துப் போவது நிச்சயம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் நரம்பு அழுந்துகிறது. சீட் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கி எடை முழுதும் கையில் விழும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு ஹேண்டில்பாரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முழங்கையைப் பூட்டாமல் தளர்வாக வைத்து, மணிக்கட்டை நேராகப் பிடியுங்கள்.

#8 செயின்கவர்

உடை பற்றி யாரும் சொல்லவில்லையே! 8 கி.மீ.க்குத் தனி சைக்கிள் உடை தேவையே இல்லை. நடுத்தொடையில் தையல் இல்லாத, வழவழப்பான அரைக்கால் உள்ளாடை போதும். தொடை உரசும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிதாகத் தடவுங்கள். திண்டு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கினால் அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. போட்டால் அதன் தையல்தான் உரசும். ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டும். ஈரத்தோடு மறுநாளும் போட்டால் மயிர்க்கால் கட்டி வரும்.

முதுகுப்பை போடாதீர்கள். முதுகு முழுக்க நனைந்துவிடும். பின் கேரியரில் பக்கவாட்டுப் பை மாட்டுங்கள், கனமானதை அடியில் வையுங்கள். அலுவலகத்தில் ஒரு துண்டும் ஒரு ஜோடி உடையும் முன்கூட்டியே இருக்கட்டும். போனவுடன் சட்டை மாற்றினால் புதிய சட்டையும் நனையும். பத்துப் பதினைந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வியர்வை நின்றபின் ஈரத்துண்டால் துடைத்துவிட்டு மாற்றுங்கள். கடைசி 1 கி.மீ. மெதுவாக மிதித்தால் அந்த நேரம் பாதியாகக் குறையும்.

இந்த இழையைப் படிக்கும் பெண்களுக்கு: துப்பட்டாவை வீட்டிலேயே மடித்துப் பையில் வையுங்கள், கழுத்தில் சுற்றி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. சேலையோ அகலமான பைஜாமாவோ என்றால் முழுச் செயின் கவரும், பின் சக்கரத்தின் இடப்பக்கம் சாரி கார்டும் இருக்க வேண்டும். கவர் இல்லாத கியர் வண்டியில் வலது கால் பைஜாமாவை அகலமான ரப்பர் பட்டையால் கட்டுங்கள்.

#9 ஆரக்கம்பி

பஞ்சர். இதைப் பெரிய எழுத்தில் எழுதலாம்: பல பஞ்சர்களைக் காற்றழுத்தம் பார்ப்பதாலேயே தவிர்க்கலாம். டயரின் பக்கவாட்டில் அழுத்த வரம்பு அச்சிட்டிருக்கும். 82 கிலோவுக்கு 28 இஞ்ச் அகல டயரில் பின்னால் 50, முன்னால் 45 பிஎஸ்ஐ அளவில் தொடங்குங்கள். 35 மி.மீ. டயர் என்றால் 60 முதல் 65. அச்சிட்ட வரம்பை மட்டும் தாண்டாதீர்கள். நல்ல ட்யூபிலிருந்தும் காற்று மெல்லக் கசியும், அதனால் வாரம் ஒருமுறை மீட்டர் வைத்த கால்பம்பில் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதில் 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் தெரியாது.

ஓட்டை எங்கே, எப்படி என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவு. பள்ளத்தில் விழும்போது ரிம்மின் இரு விளிம்பும் ட்யூபைக் கடித்திருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் போக்ஸ் கம்பியின் முனை உள்ளே நீட்டியிருக்கிறது அல்லது ரிம் நாடா விலகியிருக்கிறது. கம்பி முனையை அரத்தால் ராவி, நாடாவை மாற்றுங்கள். வால்வின் அடியில் கிழிந்தால் காற்று குறைந்து ட்யூப் ரிம்மில் நகர்ந்திருக்கிறது. இதற்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை, ட்யூபையே மாற்ற வேண்டும். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள்.

முள் என்றால் நம்மூரில் இரண்டு. நெருஞ்சி சாலையோர மண்ணில் படர்ந்து கிடக்கும், காய்ந்த காயின் முள் டயரில் குத்தி முனை முறிந்து நிற்கும். சீமைக்கருவேல முள் நீளம், டயரின் கனத்தை ஊடுருவிவிடும். வண்டியைத் தார் விளிம்புக்கு வெளியே இறக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. ஒட்டுப் போட்டபின் அன்றைக்கே மறுபடி காற்று இறங்கினால், முறிந்த முனை டயரிலேயே இருக்கிறது என்று அர்த்தம். பஞ்சுத் துண்டு ஒன்றை டயரின் உள்பக்கம் முழுச் சுற்றும் இழுங்கள், பஞ்சு மாட்டும் இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலால் தேடாதீர்கள், கண்ணாடித் துண்டாக இருந்தால் விரல் அறுபடும்.

ஒட்டுவதில் பொறுமைதான் வேலை. ஓட்டையைச் சுற்றி ஒட்டைவிடப் பெரிய வட்டமாக உப்புத்தாளால் தேய்த்து, ட்யூபின் பளபளப்பும் அச்சுக்கோடும் போகச் செய்யுங்கள். சொல்யூஷனை மெல்லிதாக ஒரே பூச்சாகத் தடவி, மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். ஓரத்தில் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைப்பதால்தான் முக்கால்வாசி ஒட்டுகள் கிளம்புகின்றன. வைத்தபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். வெளியே கிளம்பும்போது பையில் ஒரு உதிரி ட்யூப், இரண்டு பிளாஸ்டிக் லீவர், கைப்பம்பு, சக்கர நட்டுக்கு ஸ்பேனர் இருக்கட்டும். சாலையோரத்தில் ட்யூபை மாற்றுங்கள், ஒட்டுவது வீட்டில்.

பழைய வண்டியில் வால் ட்யூப் (சிறு ரப்பர் குழாய்) வைத்த வால்வு இருக்கும். ரப்பர் வெடித்தால் காற்று ஏறும், நிற்காது. பஞ்சர் என்று ட்யூபைக் கழற்றும் முன் வால் ட்யூபை மாற்றிப் பாருங்கள்.

#10 பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். ஆரக்கம்பி சொன்னதோட ஒண்டு சேர்க்கவேணும். கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு உப்புக்காத்துதான் முதல் எதிரி. செயின், போக்ஸ் கம்பியின்ர நிப்பிள், பிறேக் கம்பி மூண்டும் ஆரம்பத்தில துருப்பிடிக்கும். மழையில நனைஞ்சு வந்தால் நல்ல தண்ணியால கழுவி, துணியால துடைச்சு, செயினுக்கு ஒயில் விட்டுப்போட்டுத்தான் வையுங்கோ. சீட் பில்லரை வருசத்துக்கு ரெண்டு தரமெண்டாலும் கழட்டிக் கிறீஸ் பூசுங்கோ, இல்லாட்டி ஃபிரேமோட ஒட்டிப் பிடிச்சிடும். பிறகு உயரம் மாத்த ஏலாது. சைக்கிளை வெயிலில விடுறதும் நல்லதில்லை, ரயரின்ர பக்கம் வெடிச்சுப்போகும். நிழல் பாத்து நிப்பாட்டுங்கோ.

#11 மாடிப்படி_ரவி

வெயிலில் நிறுத்தினால் காற்று விரிந்து ட்யூப் வெடிக்கும், அதனால் கோடையில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று கடையில் சொல்கிறார்களே?

#12 ஆரக்கம்பி

குறைக்காதீர்கள். 60 பிஎஸ்ஐ அடித்த டயர் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் அழுத்தம் ஏறுவது இரண்டரை பிஎஸ்ஐ அளவுதான். 30 டிகிரி கூடினாலும் எட்டுக்குள். நல்ல டயர் இதைத் தாங்கும். நிறுத்திய வண்டியில் டமார் என்று வெடிப்பது வேறு காரணத்தால்: டயரின் ஓரம் ரிம்மில் சரியாக உட்காராமல் ட்யூப் வெளியே பிதுங்கியிருக்கும், அல்லது பக்கச்சுவரில் வெட்டு இருக்கும், அல்லது பெட்ரோல் பங்க் காற்றில் வரம்புக்கு மேல் ஏற்றியிருப்பார்கள். சைக்கிள் ட்யூபின் கொள்ளளவு சின்னது, அந்தக் கம்ப்ரெஸரில் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். டயர் மாட்டியபின் பாதிக் காற்று அடித்து, ரிம்மை ஒட்டிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.

#13 மோர்க்குடம்

உடம்புப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. ஒரு வழிக்கு 30 முதல் 35 நிமிடம் என்று வைத்தால் மூன்று நாள் போய்வருவதிலேயே முதல் பகுதி நிறைந்துவிடும். இரண்டாவது பகுதியை சைக்கிள் நிறைவு செய்யாது. சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதால் எலும்பின் மேல் எடை விழுவதில்லை, எலும்பு அடர்த்திக்கு அது போதாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, படியேறுவது, தண்டால், கனம் தூக்குவது எல்லாம் தனியாக வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்கள் இதை விடவே கூடாது.

ரத்த அழுத்த மாத்திரை எது என்று பாருங்கள். சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏற விடாது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்து வேகத்தைத் தீர்மானித்தால் அளவுக்கு மீறி மிதித்துவிடுவீர்கள். அந்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் சரி: முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை என்றால் வெயிலில் நீரும் உப்பும் இன்னும் கூடுதலாகப் போகும். தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஓட்டி முடித்ததும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக மிதித்து இறங்குங்கள், இல்லையென்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலைசுற்றும்.

அரை மணி ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். கிளம்புமுன் ஒரு குவளை, போனபின் இரண்டு. ஓஆர்எஸ் தினமும் குடிக்கும் பானம் அல்ல, அதில் உப்பு கணிசமாக இருக்கிறது, உங்கள் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. சித்திரை வெயிலில் ஒன்றரை மணிக்கு மேல் ஓட்டினால், சட்டையில் வெள்ளைக் கோடு விழுந்தால், அப்போது உப்பு தேவை. நீர்மோரில் ஒரு சிட்டிகை உப்பு போதும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதிய அளவுத் தண்ணீரில் மட்டுமே கரையுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்துக் குடிப்பது தாகத்தைக் கூட்டி உடம்பைக் கெடுக்கும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் 15 கிராம் குளுக்கோஸ் வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் நிறுத்தி அதைச் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துச் சோதித்தபின்தான் மறுபடி ஏற வேண்டும். கடும் வெயிலில் ஒருவர் குழம்பிப் பேசினாலோ தள்ளாடினாலோ, வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108-ஐ அழையுங்கள்.

#14 செயின்கவர்

சாலையைப் பற்றிக் கொஞ்சம். நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள், கதவு திறந்தால் இடித்துக்கொள்ளாத தூரம் அது. பேருந்துக்கும் நடைமேடைக்கும் நடுவில் புகவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் அடியில் மூடியில்லாத குழி இருக்கலாம். முன்னால் போகும் வண்டியின் சக்கரத் தடத்திலேயே போங்கள், அடி தெரியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். ஈரமான வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம் இவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும், வார் காதுக்கு அடியில் சேர வேண்டும். நெற்றி தெரியப் பின்னால் தள்ளிப் போட்டால் முகம் அடிபடும். ஒருமுறை பலமாக மோதிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

#15 கொங்குக்காற்று

செயினுக்கு வடிச்ச எஞ்சின் ஆயிலை ஊத்தறவங்க இன்னும் இருக்கறாங்க. அதுல இரும்புத்தூள் மிதக்குதுங்க, உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்ச்சுரும். தேங்காயெண்ணெய் நாளானா பிசினாயிரும். சைக்கிள் செயின் ஆயில், இல்லாட்டி தையல்மிசின் எண்ணெய் எடுத்துக்குங்க. தையல்மிசின் எண்ணெய் மெல்லிசு, சீக்கிரம் போயிரும், வாரத்துக்கு ஒருக்கா விடோணும். துணியில துடைச்சு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, உள்பக்கமா விட்டு, பின்னாலயே இருபது சுத்து மிதிச்சு, வெளிய இருக்கறதைச் சுத்தமாத் துடைச்சுருங்க. வெளிய எண்ணெய் பளபளன்னு இருந்தா புழுதியைத்தான் இழுக்கும்.

தேய்மானம் பார்க்க இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னோட நடுவுல பூச்சியம் வெச்சா 12 இஞ்ச்ல இன்னொரு பின் நடு நிக்கோணும். பதினாறுல ஒரு இஞ்ச் தள்ளியிருந்தா கியர் வண்டிச் செயினை மாத்திருங்க. ஒத்தப் பல்லு வண்டிக்கு எட்டுல ஒரு இஞ்ச் வரைக்கும் விடலாம். கியர் இல்லாத வண்டியில செயினை நடுவுல தூக்கினா ஒரு செ.மீ. சொச்சம் ஆடோணும். முழு இறுக்கமா வெச்சா ஃப்ரீவீலும் அச்சும் தேயும்.

#16 காலைநடை46

ஓவராயில் முடிந்து 20 பல் ஃப்ரீவீலும் மாட்டியாயிற்று. மேம்பாலத்தில் உட்கார்ந்தபடியே ஏற முடிகிறது. ஆனால் இடது காலை அழுத்தும்போது மட்டும் டக் என்று ஒரு சத்தம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை. பெடலைக் கழற்றப் பார்த்தால் சுற்றவே மறுக்கிறது.

#17 ஆரக்கம்பி

இடது பெடல் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும். நினைவில் வைக்க எளிது: இரண்டு பெடலும் இறுகுவது முன்சக்கரம் பார்த்து, கழல்வது பின்சக்கரம் பார்த்து.

ஆனால் சுற்றுக்கு ஒருமுறை, அழுத்தும்போது மட்டும் என்றால் பெடலைவிட காட்டர் பின் (கிராங்க்கை நடு அச்சோடு பிணைக்கும் ஆப்பு) மேல்தான் சந்தேகம். இடது கிராங்க்கைத் தரைக்கு இணையாக முன்னால் நிறுத்தி, பிரேக் பிடித்துக்கொண்டு காலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். கிராங்க் மட்டும் ஒரு நூல் அசைந்து, எதிர்ப்பக்கக் கிராங்க் அசையாமல் இருந்தால் பின் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் கிராங்க்கின் ஓட்டையும் முட்டை வடிவமாகி, கிராங்க்கையே மாற்ற வேண்டி வரும்.

நட்டைக் கழற்றி, மரை மழுங்காதபடி நட்டை நுனி வரை திரும்பப் போட்டு, கிராங்க்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, சுத்தியலால் ஒரே பலமான அடியில் பின்னை எடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுதும் பால்ரஸில் விழும், செய்த ஓவராயில் வீண். பழைய பின்னைக் கடைக்கு எடுத்துப் போய் அதே விட்டத்தில் வாங்கி, சாய்வான முகம் அச்சின் வெட்டில் முழுதாகப் படும் வரை அரத்தால் ராவுங்கள். இரண்டு பக்கத்துப் பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. சுத்தியலால் தட்டி உட்கார வைத்தபின்தான் நட்டு. நட்டை முறுக்கியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். 20, 30 கி.மீ. ஓடியதும் பின் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும், அப்போது மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்குங்கள்.